இல்லத்தில் ஒரு சர்வர் பேழை: நம் ஏடுகளை நாமே காப்போம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா என்றால் கடந்துவந்த பாதையைப் பேசுவது மரபு. அதனைக் காலை அமர்விலேயே பெரியோர்கள் சிறப்புறச் செய்துவிட்டனர். நமக்கு இடப்பட்ட பணி வேறு. சங்க உறுப்பினர் ஒருவரின் தொகுப்பு வீட்டில், கூடத்தின் மூலையில், ஓர் இரும்புப் பேழை நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அதனுள் இரவும் பகலும் சிறு விளக்குகள் மினுக்குகின்றன. அஃது யாது, எவ்வாறு அமைக்கப்பெற்றது, அதனால் விளையும் பயன் என்ன என்று இளைஞர்கள் கேட்கின்றனர். "அதற்கு ஆன செலவில் எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டியிருக்கலாம்?" என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் விடை கூற நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ஏடும் நம் மக்களும்

பேழையைப் பற்றிப் பேசுமுன் ஏடுகளைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். 1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்பார், நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892-இல் சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. நிலமற்ற நம் மக்களுக்கு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. அவையே பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. பிற சாதியாருக்கு அவற்றை விற்றலாகாது என்னும் நிபந்தனையும் இருந்தது. ஆயினும் காலப்போக்கில் அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்கு மாறிவிட்டது. இன்று அந்நிலத்தை மீட்க முனைவோர் முதலில் தேடுவது பழைய 'அ' பதிவேட்டின் நகலையும் ஒப்படைப்புத் தாளையும்தான். தாள் இருப்பவர் வழக்காட முடிகிறது. தாள் இல்லாதவர் தம் தாத்தா சொன்ன கதையை மட்டுமே சொல்ல முடிகிறது.

நம் கோவை நகரத்தோடு தொடர்புடைய மற்றொரு செய்தியையும் நினைவூட்ட விழைகிறோம். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் மாணவப் பருவத்தில் கோயம்புத்தூரில் பயின்றவர். 1939-இல் வெளியான தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அந்நாளை அவர் குறித்துள்ளார். ஏறத்தாழ நானூறு மாணவர்கள் பயின்ற அக்கலாசாலையில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். பிறரோடு பழகினால் தம் சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிய அவர், வெளியில் எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். அவ்வாறு வாசலுக்கு வெளியே காத்திருந்த மாணவரே 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பின்னர் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். எனினும் அவர் நடத்திய 'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு இன்று நம் கைக்கு எட்டவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது 'தமிழன்' என்றே வழங்கிற்று. 1914-இல் அவர் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் எழுத்துகள் பொதுவெளியில் பேசப்படவே இல்லை. 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது தமிழுலகம் வியந்தது. அத்தொகுப்பு எவ்வாறு கைகூடிற்று? அரசு நூலகமும் பல்கலைக்கழகமும் கருதாதபோது, எளிய குடும்பத்தினர் சிலர் தம் இல்லங்களில் பழைய இதழ்களைப் பேணிவந்தனர். ஓர் இதழ் மறைந்ததற்கும் ஓர் இதழ் மீண்டதற்கும் இடையே இருந்த வேறுபாடு, யாரோ ஒருவர் வீட்டுப் பரண்தான்.

அண்ணல் அம்பேத்கரும் இதனை நன்கறிந்தவர். பம்பாய் தாதரில் 1930-களின் தொடக்கத்தில் அவர் கட்டிய 'ராஜகிருகம்' என்னும் இல்லம், அவருடைய நூல்களுக்கு இடம் வேண்டும் என்ற நோக்கத்தோடே வகுக்கப்பட்டது. இல்லத்தினுள் அறிவுக் கருவூலத்தை வைப்பது நமக்குப் புதிய வழக்கம் அன்று.

நாம் இழந்தது

நம் சங்கத்துக்கும் இப்பாடம் நேரடியாகவே கிடைத்தது. தொடக்க நாள் முதல் இரவுப் பள்ளி வருகைப் பதிவேடு, உதவித்தொகை பெற்றோர் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு, ஆண்டு விழாப் புகைப்படங்கள் யாவும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஐப்பசி மழையும் கரையானும் அவற்றுள் ஒரு பகுதியை அழித்தன. எஞ்சியவற்றை இளைஞர்கள் செல்பேசியில் படமெடுத்து, ஒரு பழைய கணினியில் சேர்த்தனர். அக்கணினியைத் தூசியிலிருந்து காக்கும் நல்லெண்ணத்தோடு அதனை இரும்பு பீரோ ஒன்றினுள் வைத்துப் பூட்டினோம்.

சித்திரை வெயில். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காற்றுப் புகாத பீரோ. இரவு பகலாக ஓடிய கணினி ஒரு நாள் நின்றுவிட்டது. அதனுள் இருந்த ஒரே ஹார்டு டிஸ்க்கும் அத்தோடு போயிற்று. இம்மலரைப் புரட்டுவோர், சங்கத்தின் முதற் பத்தாண்டுகளின் புகைப்படம் ஒன்றேனும் இல்லையே என்று வியக்கக்கூடும். காரணம் இதுவே. பிழை முற்றிலும் நம்முடையது. அப்படங்களில் இருந்தோருள் சிலர் இன்று உயிரோடு இல்லை. "எங்கள் அம்மா முதன்முதலில் கையெழுத்துப் போட்ட படம் இருக்கிறதா?" என்று ஒரு பெண் நம்மிடம் வந்து கேட்டபோது விடை கூற இயலாது தலைகுனிந்தோம். அந்நாளில்தான் இப்பேழையை முறையாக அமைப்பது என்று முடிவு செய்தோம்.

சர்வர் என்பது யாது?

சர்வர் என்றவுடன் குளிரூட்டிய அறையும் கோடிக்கணக்கில் முதலீடும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் சர்வர் என்பது செய்யும் வேலையால் வந்த பெயர். உருவத்தால் வந்த பெயர் அன்று. ஒரு கணினி தன்னிடமுள்ளதைக் கேட்போருக்கெல்லாம் ஓயாது வழங்கிக்கொண்டிருந்தால் அது சர்வர். தமிழில் 'வழங்கி' என்கிறோம். உலகளாவிய வலையின் முதல் சர்வர், சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அவர்களின் மேசைமேல் இருந்த ஒரே ஒரு கணினிதான். யாரேனும் மறந்து அணைத்துவிடக் கூடாதே என்று, இது சர்வர், இதனை நிறுத்தாதீர் என்னும் பொருள்படச் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். கூகுள் நிறுவனமும் 1999-இல் தகட்டின்மேல் தக்கைத் தாளைப் பரப்பி, மலிவான கணினிப் பலகைகளை அதன்மேல் அடுக்கியே தொழிலை வளர்த்தது. எளிய தொடக்கத்துக்கு எவரும் நாண வேண்டியதில்லை.

இவற்றை அடுக்கிவைக்கும் சட்டமே ரேக் எனப்படுவது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனம், தன் நிலையங்களில் கருவிகளை நெருக்கமாக அடுக்குவதற்கு 19 அங்குல அகல அளவைக் கைக்கொண்டது. அதே அளவுதான் இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது. முகப்புத் தகட்டின் அகலம் 482.6 மில்லிமீட்டர். உயரத்தை 'யு' என்னும் அலகால் அளப்பர். ஒரு யு என்பது ஒன்றே முக்கால் அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். பெருநிறுவனங்களில் நிற்பவை 42 யு கொண்டவை. ஆள் உயரத்தைத் தாண்டுபவை. இல்லத்துக்கு 6 யு, 9 யு, 12 யு போதும்.

நம் பேழை 9 யு கொண்டது. தகட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர் ஒருவர், அவருடைய முதலாளியின் இசைவோடு, வெட்டி எஞ்சிய தகட்டில் அதனைச் செய்தார். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி என்று பட்டறைகள் நிறைந்த கோவையில் இஃது அரிய செயல் அன்று. ஆயினும் முதல் முயற்சியில் தவறினோம். சட்டத்தின் துளைகளைச் சம இடைவெளியில் இட்டுவிட்டோம். எந்தக் கருவியும் பொருந்தவில்லை. ஒவ்வொரு யு-வுக்கும் மூன்று துளைகள் உண்டு. அவற்றின் இடைவெளி ஐந்தேகால்வாசி என்று கண்ணால் மதிப்பிடத்தக்கதன்று. எட்டில் ஐந்து அங்குலம், மீண்டும் எட்டில் ஐந்து அங்குலம், பின்னர் அரை அங்குலம் என்ற வரிசையில் அமைய வேண்டும். மூன்றையும் கூட்டினால் ஒன்றே முக்கால் வரும். இதனை அறிந்து மறுமுறை துளையிட்டோம். பட்டறை வேலை தெரிந்த இளைஞர்கள் இக்கணக்கைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இடமும் மின்சாரமும்

அடுத்தது இடம். கடைகளில் விற்கும் சிறு பேழைகள் சுவரில் மாட்டுவதற்கானவை. ஆனால் கருவிகளை ஏற்றியபின் அதன் எடை 30 கிலோவுக்கும் மேற்படும். நம் தொகுப்பு வீடுகளின் சுவர் அதனைத் தாங்குமா என்பது ஐயம். ஆதலின் ஆங்கிள் இரும்பால் இரண்டடி உயரத் தாங்கி செய்து, அதன்மேல் நிறுத்தினோம். வீடு கழுவும் நீரும் மழைநீரும் எட்டாத உயரம் அது. கூரை ஒழுகாத மூலையைத் தேர்ந்தோம். சமையற் புகை படாத இடமாகவும், பகல் வெயில் காயாத சுவரோரமாகவும் பார்த்துக்கொண்டோம்.

அடுக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எடை மிகுந்தது அடியில் இருத்தல் வேண்டும். இன்றேல் பேழை கவிழும். ஆதலின் கீழ் 4 யு இடத்தில் யு.பி.எஸ். கருவி. அதன்மேல் 2 யு தட்டில் சிறு கணினியும் ஹார்டு டிஸ்க்குகளும். அதற்கும் மேலே ஒரு யு இடத்தைக் காற்றோட்டத்துக்காக வெறுமையாக விட்டோம். எஞ்சிய இரண்டில் சுவிட்சும் கம்பிகள் வந்து சேரும் பலகையும் அமைந்தன. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டினோம். நம்முள் எவர் இல்லாத நாளிலும் பிறரொருவர் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் அன்றோ?

பீரோவில் நேர்ந்த பிழையை மறவாது, வெப்பத்தைப் பற்றி நன்கு ஆராய்ந்தோம். கணினி உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிவரும். 40 வாட் உண்ணும் கருவி 40 வாட் வெப்பத்தை உமிழும். அவ்வெப்பம் வெளியேற வழி வேண்டும். சூடான காற்று மேலெழும் இயல்புடையது. எனவே பேழையின் அடியில் துளைகளும், உச்சியில் காற்றை வெளித்தள்ளும் சிறு விசிறியும் வைத்தோம். பஞ்சாலை ஊர்களில் பஞ்சுத் தூசி பெருந்தொல்லை. காற்று நுழையும் வழியில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒன்றை மாட்டி, மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் பொருத்துகிறோம்.

மின்சாரத்தில் முதற் கவனம் எர்த் இணைப்பு. இரும்புப் பேழையினுள் மின் கசிவு ஏற்பட்டால் தொடுகின்ற குழந்தைக்கு ஆபத்து. பல தொகுப்பு வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும். மூன்றாவது துளைக்கு எர்த் கம்பி இருப்பதில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் குழி அமைத்து, பேழையின் உடலையும் அதனோடு இணைத்தோம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியையும் பொருத்தினோம். செலவைக் குறைக்க நினைப்போர் வேறெதில் குறைத்தாலும் இதில் குறைக்கலாகாது.

பைக்காரா நீர்மின்சாரம் 1932-இல் வந்த பின்னரே கோவையில் ஆலைகள் பெருகின. அதே கோவை, 2012-ஆம் ஆண்டு வாக்கில் நீண்ட மின்வெட்டால் துன்புற்றதையும் நாம் மறக்கவில்லை. இன்று நிலை சீராயினும், மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கில் தகவல் சிதையக்கூடும். அதற்கே யு.பி.எஸ். 600 வி.ஏ. என்று எழுதியிருந்தாலும் அத்தகைய கருவி பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். நம் 40 வாட் சுமைக்குப் புதிய பேட்டரி முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கக் கண்டோம். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதற்கான தொகையை முன்னரே ஒதுக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

இனிப் பெரியோர்களின் கேள்விக்கு வருகிறோம். பெருநிறுவனங்கள் கழித்த பழைய சர்வர்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று இளைஞர்கள் சிலர் ஆர்வம் காட்டினர். அவற்றுள் ஒன்று 150 வாட் உண்ணுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 3.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக ஓர் இயந்திரமே விழுங்கிவிடும். இடங்கொடுத்த குடும்பத்தின் கட்டணம் உயர்ந்த படிக்குத் தாவிவிடும். மலிவாக வாங்கிய பொருள் மாதந்தோறும் வட்டி கேட்கும் கடனாக மாறும்.

நாம் தேர்ந்தது 25 வாட் உண்ணும் சிறு கணினி. சுவிட்சும் இணைய ரவுட்டரும் சேர்த்து 40 வாட். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 58 யூனிட். தனி மீட்டர் ஒன்று வைத்து, அதற்குரிய தொகையைச் சங்கம் அக்குடும்பத்துக்குத் தவறாது செலுத்துகிறது. கணினியை வாங்கவும் இயலாத ஊர்க்கிளைகளுக்கு ஒரு யோசனை. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மேனிலைப் பள்ளி மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் பல வீடுகளில் உறங்குகின்றன. அவற்றுள் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் சிறு சர்வராகப் பணிபுரியும். உப்பிய பேட்டரி இருப்பின் அதனைக் கழற்றிவிட்டே பயன்படுத்த வேண்டும். மூடிய பேழையினுள் அது தீப்பற்றக்கூடும்.

பிள்ளைகளின் கட்டணத்துக்கென ஒதுக்கிய நிதியில் ஒரு காசும் இதற்கு எடுக்கப்படவில்லை. பணிபுரியும் உறுப்பினர்கள் தனியே அளித்த நன்கொடையால் மட்டுமே இது நிறைவேறிற்று. கட்டணமா பேழையா என்ற நிலை வருமாயின், கட்டணமே முதலிடம் பெறும் என்பதையும் இம்மேடையில் உறுதி கூறுகிறோம்.

உள்ளே இருப்பது

பேழையினுள் என்ன இருக்கிறது? கரையானுக்குத் தப்பிய சங்கப் பதிவேடுகளின் படிகள். பள்ளிப் பாடநூல்கள். போட்டித் தேர்வுக்கான பழைய வினாத்தாள்கள். 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தமிழ் நூல்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதும், கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் துணையால், இணையத் தொடர்பு இல்லாமலேயே படிக்கத்தக்க வடிவில். பேழை இருக்கும் தெருவில் நிற்கும் எந்த மாணவரும் தம் செல்பேசியில் காசு செலவின்றி இவற்றைப் படிக்கலாம். 2020-இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே செல்பேசியும் தீர்ந்துபோன டேட்டாவுமாக நம் பிள்ளைகள் தவித்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும். பெங்களூரில் சுதர்சன் லே-அவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் பெயரால் சமுதாயக் கணினி மையம் அமைத்தது நமக்கு ஊக்கம் அளித்தது.

ஆனால் ஒரே பேழையை நம்பியிருத்தல் பழைய தகரப் பெட்டியை நம்பியிருந்ததற்கு ஒப்பாகும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். ஈழத் தமிழர் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம், அவ்விழப்பின் நினைவோடே வளர்ந்து வருகிறது. ஆதலின் நாம் மூன்று படிகள் வைத்துள்ளோம். பேழையினுள் இரு ஹார்டு டிஸ்க்குகள் ஒரே தகவலைச் சுமக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். எனினும் யாரேனும் தவறுதலாக அழித்தால் இரண்டிலுமே அழிந்துவிடும். எனவே மாதந்தோறும் மூன்றாம் படி எடுத்து, பொள்ளாச்சியிலுள்ள உறுப்பினர் ஒருவர் இல்லத்துக்கு அனுப்புகிறோம். அரையாண்டுக்கு ஒருமுறை அப்படியைத் திறந்து, படிக்க முடிகிறதா என்று சோதிக்கிறோம். சோதிக்காத படி இருந்தும் இல்லாததே.

சாவி யாரிடம்?

இப்பணியில் எழுந்த கடுமையான வாதம் கருவியைப் பற்றியதன்று. பொதுச் சொத்து ஒரு தனி வீட்டில் இருக்கலாமா என்பதே அவ்வாதம். கூட்டத்தில் குரல் உயர்ந்தது. இரு உறுப்பினர்கள் வெளிநடப்பும் செய்தனர். அவர்கள் அச்சம் பொய்யானது என்று நாம் கூறோம். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வேறு வழியும் இல்லை. ஆதலின் விதிகளை எழுதிவைத்தோம். பேழைக்கு இரண்டு சாவிகள். ஒன்று வீட்டுக்குரிய அம்மையாரிடம். மற்றொன்று சங்கச் செயலாளரிடம். திறக்கும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், காரணம், கையொப்பம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். கடவுச்சொற்கள் உறையிலிடப்பட்டு, முத்திரையோடு மூவர் பொறுப்பில் உள்ளன. வெளிநடப்புச் செய்த இருவருள் ஒருவரே இன்று அக்குறிப்பேட்டைத் தணிக்கை செய்பவர்.

மேலும் ஒரு விதி உண்டு. சாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை உரியவரின் எழுத்து வழி இசைவின்றிப் பேழையில் ஏற்றுவதில்லை. ஏற்றியவற்றையும் இணையத்தோடு தொடர்பில்லாத, பூட்டிட்ட தனிப் பகுதியில் வைக்கிறோம். உரியவர் கேட்டால் அழித்துத் தருகிறோம். தனிமனிதத் தகவலைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியுள்ளது. சட்டம் இல்லாவிடினும், ஊரார் ஏட்டை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு மற்றவரை ஆட்டிப்படைத்த காலத்தை அறிந்த நாம், அப்பிழையை நமக்குள் செய்தலாகாது.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! கோவையில் 2010-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ கணினி நிறுவனங்கள் இங்கு வந்துள்ளன. நம்மவர் பலர் அக்கட்டடங்களில் காவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் உழைக்கின்றனர். உழைப்பு எதுவாயினும் மதிக்கத்தக்கதே. ஆயினும் சர்வர் அறையின் கதவு வரை சென்று நிற்பவர், அக்கதவுக்குள்ளும் செல்ல வேண்டும் என்பதே நம் விருப்பம். பேழையை அமைத்த எட்டுப் பேருள் நால்வர் பெண்கள். துளையிடவும், கம்பி முனை பொருத்தவும், லினக்ஸ் நிறுவவும், பழுது நீக்கவும் அவர்கள் கைப்படக் கற்றனர். முதற் கணினி பழுதானபோது அழுத பெண்ணே இன்று மாதந்தோறும் படி எடுக்கும் பொறுப்பை ஏற்றுள்ளார். நேர்முகத் தேர்வு ஒன்றில், சர்வர் பேழையைக் கண்டதுண்டா என்று அவரிடம் கேட்டனராம். கண்டதுண்டு, செய்ததும் உண்டு என்று அவர் விடையளித்தார். வேலையும் பெற்றார்.

ஞாயிறுதோறும் பிற்பகலில் பேழை திறக்கப்படும். எவரும் வரலாம்; தொட்டுப் பார்க்கலாம்; கேள்வி கேட்கலாம். பிற ஊர்க்கிளைகள் தமக்கென ஒன்று அமைக்க விரும்பினால், சட்டத்தின் அளவு வரைபடத்தை அளிக்கவும், எர்த் குழி முதல் இறுதிச் சோதனை வரை உடனிருந்து உதவவும் ஆயத்தமாக உள்ளோம்.

இறுதியாக அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் இரவுப் பள்ளியின் பழைய படங்கள் ஏதேனும் இருக்கக்கூடும். மங்கியிருந்தாலும், பாதி கிழிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றே உங்கள் கையில் ஒப்படைப்போம். தாய் கையெழுத்துப் போட்ட படத்தைக் கேட்டு வந்த அந்தப் பெண்ணுக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை. அப்படத்தின் வேறொரு படி உங்களுள் ஒருவரிடம் இருத்தல் கூடும்.